முல்லைப்பெரியாறு: 152 அடிக்கு முட்டுக்கட்டை எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

முல்லைப்பெரியாறு வழக்கில் 2014-லேயே தமிழ்நாடு ஜெயித்துவிட்டது என்கிறார்கள். அப்படியானால் அணையின் நீர்மட்டம் 152 அடிக்குப் போகாமல் ஏன் இன்னும் 142 அடியிலேயே நிற்கிறோம்? 999 வருட ஒப்பந்தம் வெள்ளைக்காரன் காலத்தோடு முடிந்துவிட்டது என்று கேரள நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இருபோகம் செய்யும் எங்களுக்கு இந்தப் பத்து அடியால் அப்படி என்ன வந்துவிடப்போகிறது?

— ஒரு வாசகர், கம்பம் பள்ளத்தாக்கு

வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். வழக்கே அந்த அடிக்கணக்கில்தான் நிற்கிறது.

தேக்கடிச் சுரங்கத்தின் வழியே சுமார் 104 அடிக்கு மேல் நிற்கும் தண்ணீர்தான் நம் பக்கம் வரும். கீழே கிடப்பது கணக்கில் சேராது. மேலே போகப்போக ஏரி அகலமாக விரிவதால், ஒவ்வோர் அடியும் கூடுதல் தண்ணீரைப் பிடிக்கும். 136 அடியில் நமக்குப் பயன்படும் இருப்பு சுமார் 6.1 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி), 142-இல் சுமார் 7.6, 152-இல் சுமார் 10.5. நீங்கள் கேட்கும் பத்து அடி ஏறக்குறைய 2.9 டிஎம்சி. விநாடிக்கு 1,000 கனஅடி திறந்தால் ஒரு மாதத்துக்கு மேல் ஓடும். இரண்டாம் போகத்தில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் அந்த ஒரு மாதம் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வைகை அணைக்குக் கீழே மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்வரை அதற்குக் காத்திருக்கிறார்கள்.

ஒப்பந்தம் சாகவில்லை. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் குத்தகை. 1970-இல் கேரள அரசே துணை ஒப்பந்தம் போட்டு, குத்தகையை 30 ரூபாயாக உயர்த்தி, மீன்பிடி உரிமையைத் திரும்பப் பெற்று, நமக்கு மின் உற்பத்தி அனுமதியும் தந்தது. முடிந்துபோன ஒப்பந்தத்துக்கு யாரும் துணை ஒப்பந்தம் போடமாட்டார்கள். 2014 மே 7 தீர்ப்பில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் ஒப்பந்தம் செல்லும் என்றே சொன்னது.

ஆனால் அந்தத் தீர்ப்பு 152 அடியைத் தரவில்லை. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளம் சட்டத் திருத்தம் கொண்டுவந்து 136-ஐ உச்சவரம்பாக்கியது. நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயத்தைச் சட்டமன்றம் தனிச்சட்டம் போட்டு மாற்ற முடியாது என்று சொல்லி 2014-இல் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தார்கள். நாம் ஜெயித்தது இதில்தான். 152-க்கு 2006-லேயே ஒரு நிபந்தனை இருந்தது: மிச்சமுள்ள பலப்படுத்தும் வேலைகளை முடிக்க வேண்டும், பிறகு சுயேச்சையான நிபுணர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பிரதான அணையில் பெரிய வேலைகள் முடிந்துவிட்டன. தலையில் கான்கிரீட் மூடி போட்டு எடை கூட்டினார்கள்; உடம்பில் துளையிட்டு இரும்பு வடங்களை அடிப்பாறையில் நங்கூரமிட்டார்கள்; பின்புறம் கான்கிரீட் சுவர் தாங்கலாக எழுந்தது. சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல் பொடி) கலவையில் கட்டிய இந்த அணை தன் எடையால் நிற்பது. அதனால்தான் எடையைக் கூட்டுவதற்கே முதலிடம் தந்தார்கள்.

மிச்சம் பக்கத்திலுள்ள சிறிய துணை அணையான பேபி அணை. அதைப் பலப்படுத்தச் சில மரங்களை வெட்ட வேண்டும். இடம் பெரியாறு புலிகள் காப்பகம், அதனால் கேரளத்தின் அனுமதியும் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். 2021 நவம்பரில் கேரளம் 15 மரங்களுக்கு அனுமதி கொடுத்து, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பலப்படுத்தாத அணை ஆபத்து என்று வாதாடுகிறவர்களே பலப்படுத்தும் வேலைக்குக் குறுக்கே நிற்பது நியாயமில்லை. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

அதே சமயம் அணைக்குக் கீழே கேரளத்தில் இருக்கும் வண்டிப்பெரியாறு, வல்லக்கடவு மக்களின் பயத்தை நாடகம் என்று யாராவது பேசினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்வி ஊரே போனது. அந்த ஆண்டு இறுதியில்தான் இங்கே மட்டம் 136-க்கு இறக்கப்பட்டது. மழைக்காலத்தில் தேதிவாரியாக உச்ச மட்டத்தை வகுக்கும் 'ரூல் கர்வ்' அட்டவணை இருப்பதும் இந்தக் கவலையால்தான். 2021 அக்டோபர் 29-இல் 142-ஐத் தொடுவதற்கு வெகுமுன்பே ஷட்டர்களைத் திறந்ததும் அந்த அட்டவணைப்படிதான். அதை நம் பக்கம் சிலர் உரிமை பறிபோனதாகப் பேசினார்கள், அது சரியல்ல.

உங்கள் விவசாயிகள் சங்கம் மனு கொடுப்பதென்றால் '152 வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். பேபி அணை வேலை, மரம் வெட்டும் அனுமதி, தளவாடம் கொண்டுபோக வல்லக்கடவு வழிச் சாலை, இந்த மூன்றுக்கும் காலக்கெடு கேளுங்கள். இவை முடியாதவரை 152-க்கான நிபுணர் ஆய்வுக்கே வழியில்லை.