துறைமுகம் இருந்தும் ஏன் வரவில்லை?

வணக்கம் அக்கா,

திருகோணமலை சீனக்குடாவில் பிறிமா மா ஆலை இருக்கிறது, எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. இப்படியொரு ஆழமான துறைமுகத்தை வைத்துக்கொண்டும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் ஆராய்ச்சி நிலையம் ஏன் எங்கள் ஊருக்கு வருவதில்லை? எல்லாம் கொழும்புப் பக்கமே போகிறது. பத்து வருட வரிவிலக்குக் கொடுத்தால் வரமாட்டார்களா? சீனக்குடாவில் இடம் பார்த்து வட்டமிட்டு வரைபடமும் இணைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

கோதுமைக் கப்பலுக்கு ஆழம் வேண்டும். அதனால்தான் பிறிமாவை நடத்தும் சிங்கப்பூர்க்காரர் சீனக்குடாவுக்கு வந்தார்கள். ஆராய்ச்சிக்கு ஆழம் எதற்கு? வரிவிலக்கும் ஆலையைத்தான் இழுக்கும் என்பது என் எண்ணம்.

1985இல் ரெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற அமெரிக்கச் சில்லுக் கம்பனி பெங்களூருக்கு வந்தபோது வெளிநாட்டோடு தரவு பரிமாற அங்கே ஒழுங்கான வசதி இல்லை. சற்றலைட் தொடர்பைக் கம்பனியே அமைத்துக்கொண்டது. டிஷ்ஷை மாட்டு வண்டியில் ஏற்றிப்போன கதையை இன்றும் சொல்வார்கள். ஆக, லைன் இல்லாவிட்டால் கொண்டுவரலாம். 1909இல் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தையும் விமானத் தொழிற்சாலையையும் சுற்றி அந்த ஊரில் சேர்ந்திருந்த ஆட்களை எந்த வண்டியில் ஏற்றுவது?

கொழும்பிலும் இதே கதைதான். லண்டன் பங்குச் சந்தை 2009இல் மிலேனியம் ஐடி என்ற மென்பொருள் கம்பனியை 30 மில்லியன் டொலருக்கு வாங்கியது. வாங்கியவர்களுக்கு வேண்டியிருந்தது கொழும்புக்குப் பக்கத்தில் மாலபேயில் இருந்த பொறியியலாளர்களை.

எங்கள் ஒழுங்கைப் பெடியன் ஒருவன் மொறட்டுவையில் படித்து அந்தப் பக்கம் வேலை செய்கிறான். போன மாதம் இரவு ரயிலுக்கு நின்றான். கையில் தாய் பேப்பரில் சுற்றிக் கட்டிக்கொடுத்த கருவாடு, பிளாட்போமே மணத்தது. "இங்க ஒரு கம்பனி வந்தா வருவியா?" என்று கேட்டேன். "அங்க வேலை பிடிக்காட்டி அடுத்த கட்டடத்துக்குப் போவன் அக்கா. இங்க அடுத்த கட்டடம் எது?" என்றான். பதில் சொல்ல வாய் வரவில்லை.

துறைமுக ஊர் என்றால் முடியாது என்றில்லை. இன்டெல், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் வடிவமைப்பு நிலையத்தை 1974இல் இஸ்ரேலின் ஹைஃபாவில் திறந்தது. அதுவும் துறைமுக நகரம்தான். ஆனால் அங்கே டெக்னியன் பல்கலைக்கழகம் இருந்தது. டோவ் ஃப்ரோமன் என்ற இன்டெல் பொறியியலாளர் ஊர் திரும்ப நினைத்தார். 1981இல் வந்த ஐபிஎம் பிசிக்குள் இருந்த 8088 சில்லு அங்கே உருவானதுதான்.

நமக்கென்று ஒன்று உண்டு. மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலிருந்து கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இறங்குகிறது. நீலத் திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வருவதும் அந்த ஆழத்தால்தான். கடலை ஆராய்பவன் மாலபேயில் கட்டடம் எடுத்து என்ன செய்வான்? அவனுக்கும் பக்கத்தில் ஆய்வுகூடமும் படித்த பிள்ளைகளும் வேண்டும். அதனால் உங்கள் வரைபடத்தில் அந்த வட்டத்தை அழித்துவிட்டு, கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிற கோணேசபுரிப் பக்கம் ஒன்று போட்டுப் பாருங்கள்.