மாரடைப்புக்குப் பிறகான உடற்பயிற்சியை மதுரைக்கு அலையாமல் வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா?

மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம் ஆகிறது, வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு மதுரைக்கு வரச் சொல்கிறார்கள், தொண்டியிலிருந்து அப்படி அலைவது கடினம், எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாமா, மறுபடியும் எப்போது கடலுக்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. மண்டபத்துக்கு அருகே ஒரு கடற்கரை ஊரில் என் அப்பாவை இதே நிலையில் பார்த்துக்கொண்டவள். முழுவதையும் வீட்டில் செய்ய வேண்டாம், முழுவதற்கும் மதுரைக்குப் போகவும் வேண்டாம் என்பதே என் பதில். மருத்துவமனையில் தொடங்கி, வீட்டில் தொடர்ந்து, இடையிடையே திரும்பப் போய்க் காட்டிப் பயிற்சியின் அளவை மாற்றிக்கொண்டதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

அப்பாவுக்கு 58 வயதில் மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்து அனுப்பியபோது கொடுத்த சீட்டில் மாத்திரைகளின் பெயர்களும் 'ஓய்வு' என்ற ஒரு சொல்லும் மட்டுமே இருந்தன. எத்தனை நாள் ஓய்வு, எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் கரைவலையில் முன்கயிறு பிடித்த மனிதர் இரண்டு மாதம் கட்டிலிலேயே கிடந்தார். தொடைச் சதை வற்றி, கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது. இதயம் இன்னும் கெட்டுவிட்டது என்று பயந்து மேலும் படுத்தார். பிறகு வேறொரு மருத்துவமனையில் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்த மருத்துவர்தான், இதயம் ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது, படுத்தே கிடந்ததால் உடல்தான் தளர்ந்துவிட்டது என்று சொல்லி பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்.

மதுரையில் சித்தி வீட்டில் தங்கி, மூன்று வாரங்களில் ஆறு முறை போனோம். முதல் நாள் மருத்துவமனையின் நீண்ட நடைக்கூடத்தில் ஆறு நிமிடம் நடக்க வைத்து, எத்தனை மீட்டர் கடந்தார் என்று அளந்தார்கள்: 240. பிறகு மார்பில் ஈசிஜி ஒயர்களை ஒட்டி, டிரெட்மில்லில் மெதுவாக நடக்க வைத்து, துடிப்பு தாளம் தப்புகிறதா, நடக்க நடக்கப் பிரஷர் ஏற வேண்டிய அளவுக்கு ஏறுகிறதா அல்லது இறங்குகிறதா என்று பார்த்தார்கள். இதை வீட்டில் யாராலும் பார்க்க முடியாது; முதல் சில முறையாவது போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு. ஆள் பக்கத்தில் நிற்க, கருவி ஓட, பத்து நிமிடம் நடந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று தன் கண்ணால் பார்த்த பிறகுதான் அப்பாவின் பயம் விலகியது.

எவ்வளவு வேகம் சரி என்பதை அந்த பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த விதத்தை நான் மறக்க மாட்டேன். மெட்டோபிரோலால் போன்ற மாத்திரை துடிப்பைக் கட்டுப்படுத்தி வைப்பதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது என்றார். "ஐயா, நடக்கும்போது என்னோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது, அதுதான் உங்கள் வேகம்" என்றார். அப்பா வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுக்கு முதல் குரல் கொடுப்பவர். டிரெட்மில்லில் நின்றபடியே ஓர் அடி பாடிப் பார்த்தார், முழுதாக வந்தது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். பாதியில் மூச்சு அறுந்தது, ஆனால் "இப்போ சரி, தம்பி" என்று சொல்ல முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் அதுவே அவருடைய அளவுகோலாக இருந்தது.

வீட்டுப் பகுதி ஒன்பது வாரம். வாரம் ஐந்து நாள், முதலில் 15 நிமிடம், பிறகு 30 நிமிடம் வரை. நம் கடற்கரையில் இதற்கென்று சில கவனங்கள் தேவை. மணலில் கால் புதைவதால் அதே தூரத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். ஆகவே தார்ச்சாலையில் மட்டும் நடந்தார். கச்சான் என்னும் மேல்காற்று வீசும் மாதங்களில், சோர்வு வருமுன் காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்று முதுகில் படும்படி வழியை அமைத்துக்கொண்டோம். வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகில் போகும் அண்ணனும் கூடவே நடந்தான். சட்டைப்பையில் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் இருக்கும். நெஞ்சு இறுகினால் நின்று, உட்கார்ந்து, அதன் பிறகே மாத்திரையை வைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நடந்த நிமிடம், காலை எடை, பிரஷர் ஆகியவற்றை அம்மா எழுதினார். வாரம் ஒரு முறை மதுரையிலிருந்து தொலைபேசியில் அழைத்து, அந்த வரிகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஒரு வாரம் மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடியிருந்ததை அவர்கள்தான் கவனித்து, உடலில் நீர் தேங்குகிறது, உடனே மருத்துவரைப் பாருங்கள் என்றார்கள். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் உப்புக் கருவாடு அன்றோடு நின்றது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருவதையும் விசாரித்துப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்வது இரண்டாந்தரம் என்று யாராவது சொன்னால் தயங்க வேண்டாம். அபாயம் குறைந்த நோயாளிகளுக்கு வீட்டுப் பயிற்சியும் மருத்துவமனையில் செய்யும் பயிற்சியும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருவதாக, பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் 3,959 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த 'யோகா-கேர்' ஆய்விலும் 12 வாரத்தில் 13 முறை மட்டும் மருத்துவமனைக்கு வரவைத்து, மற்றதை வீட்டில் செய்யச் சொன்னார்கள். மீண்டும் மாரடைப்பு வருவதோ இறப்போ அதனால் குறைந்ததாக உறுதிப்படவில்லை. ஆனால் அவர்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் மேம்பட்டது. ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர்கள், துடிப்பு தாளம் தப்புபவர்கள், வால்வு மிகவும் சுருங்கியவர்கள், இதயச் செயலிழப்பு கட்டுக்குள் வராதவர்கள் மட்டும் இந்த வழியைத் தாமாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

பன்னிரண்டாவது வாரம் மறுபடி ஆறு நிமிடம் நடக்க வைத்தபோது 385 மீட்டர் வந்தது. ஆனாலும் கடலுக்கு உடனே விடவில்லை. கால் உழைப்பைவிடக் கை உழைப்பு துடிப்பையும் பிரஷரையும் கூடுதலாக ஏற்றும், அதிலும் மூச்சை அடக்கி இழுப்பது ஆபத்து என்று சொல்லி, கயிற்றில் எடை கட்டி இழுக்க வைத்துப் பிரஷர் பார்த்தார்கள். மாமா என்ன வேலை செய்கிறார், எத்தனை பேர் சேர்ந்து இழுக்கிறார்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அங்கே விவரமாகச் சொல்லி, அதற்கேற்ற சோதனையைக் கேளுங்கள். அப்பா ஐந்தாம் மாதம் கரைவலைக்குத் திரும்பினார். முன்கயிறு பிடிப்பதில்லை, பின்னால் நின்று கரையேறும் கயிற்றைச் சுருட்டுகிறார், அம்பாவுக்கு முதல் குரல் இப்போதும் அவருடையதுதான்.