ராம்ப் போட்டது அவரு, தண்ணி நிக்கிறது எங்க வாசல்ல

கேள்வி: அக்கா, நாங்க காரைக்குடி புறநகர்ல ஒரு நகர்ல இருக்கோம், வீடு கட்டி 22 வருஷம் ஆச்சு. பக்கத்து மனையில போன வருஷம் ஒருத்தர் புது வீடு கட்டிக் குடிவந்தாரு, எங்க தரையைவிட மூணு அடி உசரம். கார் ஏத்துறதுக்கு வாய்க்கால் மேலயே ராம்ப் போட்டு அடைச்சுட்டாரு, போன வாரம் பேஞ்ச மழையில மொத்தத் தண்ணியும் எங்க வாசல்ல நின்னு போர்ட்டிகோ வரைக்கும் வந்துருச்சு. இது மட்டுமா, அவங்க முருங்கை இலை பூரா எங்க பக்கம் கொட்டுது, விருந்தாளி வந்தா பைக்கை எங்க கேட் முன்னாடி நிப்பாட்டுறாங்க, தெருநாய்க்குச் சோறு வைக்கிறாங்க, ஆடி மாசம் மைக்செட்டுக்கு அவருதான் முன்ன நிக்கிறாரு. நான் தண்ணி நின்னதை வீடியோ எடுத்து தெரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், கோவிச்சுக்கிட்டு வெளிய போயிட்டாரு. இப்ப தெருவுல பாதிப்பேர் அவரு பக்கம். எங்க வீட்டுத் துணி துவைக்கிற தண்ணி மட்டும்தான் இத்தனை வருஷமா தெருவுல போகுது, அதுக்கு யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. போலீஸ்ல எழுதிக் குடுத்துடலாம்ங்கிறாரு வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம், காரைக்குடி)

பதில்: தங்கச்சி, உங்க லெட்டரை மூணு தடவ படிச்சேன். அஞ்சு குறை எழுதியிருக்கீங்க, அதுல தண்ணி ஒண்ணுதான் இன்னைக்கே பேசித் தீர்க்க வேண்டியது, மத்த நாலையும் அதோட சேர்த்துக் கட்டுனதுனாலதான் தெருவுல பாதிப்பேர் அந்தப் பக்கம் போயிட்டாங்கன்னு எனக்குப் படுது. முருங்கை இலை கொட்டுதுன்னு ஒரு தடவ சொன்ன வாயால தண்ணி நிக்குதுன்னு சொன்னா கேக்குறவங்க ரெண்டையும் ஒரே தட்டுலதான் வைப்பாங்க. முருங்கைக்கு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு உங்க பக்கம் நீட்டுற கிளையைக் கழிச்சுக்கங்க, பைக்கை எடுக்கச் சொல்லிக் கேட்டா எடுத்துருவாங்க, நாய் விஷயம் தெருவே உக்காந்து பேசணும். மைக்செட்டுக்கு ராத்திரி 10 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் கூடாதுன்னு 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதியே இருக்கு, திருவிழாவுக்குன்னு கவர்ன்மென்ட் வருஷத்துல சில நாள் மட்டும் 12 மணி வரைக்கும் விடலாம், அதைக் கோயில் கமிட்டிகிட்ட சொல்லுங்க, அவருகிட்ட இல்ல.

இனி தண்ணிக்கு வர்றேன், இதை நான் சும்மா விட மாட்டேன், ஏன்னா நம்ம ஊரே தண்ணிக்கு வழி விட்டு எந்திரிச்ச ஊரு. பழைய செட்டிநாட்டு வீட்டைப் பாருங்க, நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணியும் முற்றத்துல விழும், ஓரமா அண்டா வச்சுப் புடிச்சுக்குவாங்க, மிச்சம் தெரு வாய்க்காலுக்குப் போகும், அங்கருந்து ஊருணிக்குப் போகும். ஊருணிக்குத் தண்ணி கொண்டு வர்ற வரத்துக்கால் அடைபட்டா ஊரே கூடி வெட்டிவிடும். செட்டிநாட்டு ஊர்களை 2014-ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான உத்தேசப் பட்டியல்ல சேர்த்தாங்கள்ல, அப்ப வீட்டு அழகை மட்டும் பார்த்துச் சேர்க்கல, தெருவும் ஊருணியும் சேர்ந்து மழையைத் தாங்குன அந்த அமைப்பும் அதுல உண்டு. அந்தக் காலத்துலயும் வீட்டை உசத்தித்தான் கட்டுனாங்க, படி ஏறித்தான் திண்ணைக்கே போகணும், ஆனா வாய்க்காலை அடைச்சு உசத்தல. உசரமா கட்டுனது அவரு தப்பு இல்ல தங்கச்சி, அதை மனசுல இருந்து எடுத்துருங்க, ரோடு போடப் போட நம்ம வீடுதான் பள்ளத்துக்குப் போகுது, அதைப் பார்த்துட்டுத்தான் இப்ப கட்டுற எல்லாரும் மூணு அடி ஏத்துறாங்க. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புது ரோடு போடணும்னு 2021-லயே தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு கண்டிப்பா சொன்னாரு, உங்க தெருவுக்கு அடுத்த தடவ ரோடு வரும்போது அதைக் கேட்டு நிக்க வேண்டியது நீங்க ரெண்டு வீடும் சேர்ந்துதான்.

தப்பு எங்கன்னா ராம்ப்லயும், மாடித் தண்ணி எங்க போகுதுங்கிறதுலயும் இருக்கு. ஒரு கணக்கு சொல்றேன், ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில 1 செ.மீ. மழை பேஞ்சா சுமாரா 900 லிட்டர் தண்ணி. ஐப்பசியில ஒரு ராத்திரி 5 செ.மீ. பேயுறது ஒண்ணும் அதிசயமில்ல, அப்படின்னா 4500 லிட்டர், அதாவது 500 லிட்டர் டேங்க் ஒன்பதை உங்க வாசல்ல கவுத்த மாதிரி. மழைநீர் சேகரிப்பு 2003-லயே எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்குனது, அவரு வீட்டுலயும் பிளான்ல காட்டியிருப்பாரு, பைப்பைக் குழிக்கு விட்டாரா இல்ல தெருவுக்கு விட்டாராங்கிறதுதான் கேள்வி. மூணுக்கு மூணு அடி, அஞ்சு அடி ஆழத்துல ஒரு குழி வெட்டி ஜல்லியும் மணலும் போட்டு மாடிக் குழாயை அதுல விட்டா நம்ம செம்மண்ணு நல்லாவே குடிக்கும், மிஞ்சுறதுதான் வாய்க்காலுக்கு வரும். ராம்ப்பை இடிக்கச் சொல்ல வேணாம், அடியில அகலமான சிமென்ட் குழாய் ஒண்ணைப் போட்டு மேல கழட்டி மாட்டுற மாதிரி சிலாப் வச்சா காரும் ஏறும் தண்ணியும் போகும், அடைச்சா திறந்து தூர் வாரலாம்.

எனக்கு இது எப்படித் தெரியும்னா நானும் அதே தப்பைச் செஞ்சவ. பதினஞ்சு வருஷம் முன்னாடி கார் வாங்குன சந்தோஷத்துல வாய்க்காலை மூடி ராம்ப் போட்டேன், எதிர்த்த வீட்டு ஆச்சிக்கு 70 வயசு இருக்கும், அவுக என்கிட்ட சண்டை போடல, யார்கிட்டயும் சொல்லல. ஒரு கார்த்திகை ராத்திரி மழை கொட்டுது, கதவைத் தட்டுறாக, கையில டார்ச், "ஆத்தா ஒரு நிமிசம் வந்து பாரு"ன்னு கூட்டிட்டுப் போயி அவுக நடையில கணுக்கால் அளவு தண்ணி நிக்கிறதை டார்ச் அடிச்சுக் காட்டுனாக, அவ்வளவுதான், வேற ஒரு வார்த்தை இல்ல. அந்தத் தண்ணியில அவுக செருப்பு மிதந்துச்சு, எனக்கு இன்னைக்கும் அது கண்ணுக்குள்ள இருக்கு. மறுநாளே கொத்தனாரை வரச் சொல்லிட்டேன். அதையே ஊர் பார்க்குற மாதிரி வீடியோவா போட்டிருந்தா நானும் வீம்புக்கு நின்னிருப்பேன்னுதான் நினைக்கிறேன். வாட்ஸ்அப்ல போட்டது நீங்க செஞ்ச பிழை தங்கச்சி, முதல்ல அதுக்கு வருத்தம் சொல்லுங்க, நேர்ல போயி சொல்லுங்க, அவரு பேசலைன்னா அவரு வீட்டம்மாகிட்ட சொல்லுங்க. அப்புறம் அடுத்த மழைக்குக் கூப்பிட்டுக் காட்டுங்க.

இன்னொண்ணும் இருக்கு, கோவிச்சுக்காதீங்க. துணி துவைக்கிற தண்ணி தெருவுல போகுதுன்னு போகிறபோக்குல எழுதியிருக்கீங்க, யாரும் ஒண்ணும் சொன்னதில்லன்னா யாருக்கும் கஷ்டமில்லன்னு அர்த்தமில்ல. சோப்புத் தண்ணி தேங்குற இடத்துல கொசு வரும், பாசி புடிக்கும், அவரு வீட்டு ஆளுங்க அதைத் தாண்டித்தான் போறாங்க. நீங்க பேசப் போகுமுன்னாடி பின்பக்கம் ஒரு உறிஞ்சுக்குழி வெட்டி அந்தத் தண்ணியை அங்க திருப்பிடுங்க, பக்கத்துல நாலு வாழை வச்சா அதுவே குடிச்சுக்கும். கையில அதை வச்சுக்கிட்டு "நாங்க சரி பண்ணிட்டோம் அண்ணே, நீங்களும் பாருங்க"ன்னு சொல்றதுல இருக்குற பலம் வேற எதுலயும் கிடையாது.

இத்தனைக்கும் மசியலைன்னா சும்மா இருக்கச் சொல்ல மாட்டேன். வாய்க்கால் பொதுச்சொத்து, அதை அடைக்க யாருக்கும் உரிமையில்ல. காரைக்குடி 2024-ல மாநகராட்சி ஆயிருச்சு, சுத்தியிருந்த சங்கராபுரம் மாதிரி ஊராட்சிகளையும் சேர்த்துட்டாங்க, அதுனால உங்க நகர் இப்ப எந்த வார்டுல வருதுன்னு மொதல்ல கேட்டுக்கிட்டு கவுன்சிலர்கிட்டயும் கமிஷனர் ஆபீஸ்லயும் எழுதிக் குடுங்க, போட்டோவோட, ரசீது வாங்கிக்கிட்டு. முதல்வர் உதவி மையம் 1100, சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள், இதெல்லாம் அடுத்த படி. போலீஸ் இதுக்கு வேணாம், ஒரு தடவ ஸ்டேஷன் வாசலை மிதிச்சுட்டா அப்புறம் அந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகை உங்க வீட்டுக்கு வராது, எழவு சேதியும் யாராவது சொல்லித்தான் தெரியும். அதுக்குப் பதிலா கோர்ட்ல சட்டப் பணிகள் குழு இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா உதவி உண்டு, கேஸ் போடுறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசி முடிக்க வழி இருக்கு.

ஆவணி பொறந்தா வீட்டு வேலை, கிரகப்பிரவேசம்னு கொத்தனாரு யாருக்கும் கையில சிக்க மாட்டாரு, அதுனால உறிஞ்சுக்குழிக்கு ஆடியிலயே சொல்லி வச்சுருங்க, அவரு வீட்டுக் குழிக்கும் சேர்த்து ரேட் கேட்டு வைங்க.