ரோபோவுக்குத் துணைக் கணினி: வாசகர் கேள்விகள்

கேள்வி: எஃப்ஆர்சி என்னும் பள்ளி மாணவர் ரோபோ போட்டிக்கான எங்கள் ரோபோவில், கேமரா படங்களை அலச ராஸ்பெர்ரி பை 4 என்னும் சிறு கணினியை வைக்கிறோம். ரோபோவின் முதன்மைக் கட்டுப்பாட்டுக் கணினியான ரோபோரியோவுடன் அதை எதில் இணைப்பது: ஈதர்நெட்டா, சீரியலா, (சிப்களை இணைக்கும் இரு கம்பி வழியான) ஐ2சியா?

பதில்: ஈதர்நெட்தான். உங்கள் அணி எண் 1234 என்று வைத்துக்கொண்டால் ரோபோவின் வைஃபை ரேடியோவுக்கு ஐபி முகவரி 10.12.34.1, ரோபோரியோவுக்கு 10.12.34.2. பைக்கு 10.12.34.11 என்று நிலையான முகவரி கொடுத்து, சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 ஆக்குங்கள். பெயரைச் சொல்லித் தேடும் எம்டிஎன்எஸ் பட்டறையில் வேலை செய்யும். போட்டிக் களத்தில் அதை நம்பக் கூடாது. தரவுக்கு, நெட்வொர்க்கில் மதிப்புகளைப் பகிரும் நெட்வொர்க்டேபிள்ஸ் மென்பொருள் போதும்: ரோபோரியோ சர்வர், பை கிளையன்ட். பையின் வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துவிடுங்கள், விதிப்படி அவை கூடாது.

சீரியலில் ஓர் ஆபத்து உண்டு. ரோபோரியோவின் ஆர்எஸ்-232 வாயில் வரும் மின்னழுத்தம், 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும் பையின் பின்களைக் கருக்கிவிடும். நடுவே மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மேக்ஸ்3232 சிப் கட்டாயம். அப்படி இணைத்தாலும் 115200 பாட் வேகத்தில் நொடிக்குச் சுமார் 11,500 பைட்தான் போகும். ரோபோரியோவின் சொந்த ஐ2சி வாய் சில நேரம் ரோபோ நிரலையே உறைய வைக்கும். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: மேசையில் நன்றாக ஓடும் பை, ரோபோ வேகமெடுத்ததும் ரீஸ்டார்ட் ஆகிறது. நிரலில் பிழையா?

பதில்: நிரலைத் தொடாதீர்கள், முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். மோட்டார்கள் ஒரே நேரத்தில் இழுக்கும்போது 12 வோல்ட் பேட்டரி 7, 8 வோல்ட்டுக்கு இறங்குவது சகஜம். அதற்கும் கீழே இறங்கினால், ரோபோரியோ தன் மோட்டார் வெளியீடுகளை நிறுத்திவிட்டுத் தான் மட்டும் தாக்குப்பிடிக்கும். பைக்கு அந்த வசதி இல்லை; அதற்கு வரும் 5 வோல்ட் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே தள்ளாடும்.

ரோபோவில் உள்ள விஆர்எம் (மின்னழுத்த ரெகுலேட்டர் பெட்டி) தரும் 5 வோல்ட் 2 ஆம்பியரும் போதாது, பை 4க்கு 3 ஆம்பியர் தேவை. 6 வோல்ட் உள்ளீட்டிலும் 5 வோல்ட்டை விடாமல் தரக்கூடிய, 5 ஆம்பியர் பக்-பூஸ்ட் ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைக் குறைக்கவும் கூட்டவும் வல்லது) வாங்கித் தனி பிரேக்கரில் இணையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது கேபிளில். 28 கேஜ் கம்பி உள்ள ஒரு மீட்டர் யுஎஸ்பி கேபிளில் 2 ஆம்பியர் ஓடினால், போக வர சேர்த்து 0.85 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். 22 கேஜில் 30 செ.மீ. என்றால் இழப்பு 0.1 வோல்ட்கூட இல்லை. சந்தேகம் தீர, ஓட்டிப் பார்த்த பிறகு பையை அணைக்காமல் அதன் த்ராட்டில் நிலையை (மின்னழுத்தக் குறைவு போன்றவற்றைப் பை குறித்துவைக்கும் எண்) vcgencmd get_throttled கட்டளையால் படியுங்கள். 16ஆம் பிட் 1 ஆக இருந்தால், துவங்கியதற்குப் பிறகு எப்போதோ மின்னழுத்தம் குறைந்திருக்கிறது.

மெயின் பிரேக்கரைத் தட்டி அணைக்கும்போதெல்லாம் எஸ்டி கார்டு கெட வாய்ப்புண்டு. ஃபைல் சிஸ்டத்தைப் படிக்க-மட்டும் நிலையில் வையுங்கள்.

கேள்வி: கேமரா சொல்லும் இடம் சரி. ஆனால் ஓடும்போது ரோபோ பின்தங்கிய இடத்தைக் காட்டுகிறதே?

பதில்: படம் எடுத்த நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில், 100 மில்லிநொடித் தாமதமே 40 செ.மீ. பிழை. பையின் கடிகாரமும் ரோபோரியோவின் கடிகாரமும் வேறு வேறு. நெட்வொர்க்டேபிள்ஸின் 4ஆம் பதிப்பு இரண்டையும் ஒத்திசைத்துத் தருகிறது. அந்த நேரத்தோடு அளவீட்டைப் போஸ் எஸ்டிமேட்டரிடம் (ரோபோ இருக்கும் இடத்தைக் கணிக்கும் நிரல்) கொடுத்தால், அது பழைய கணத்துக்குப் போய்த் திருத்திவிடும். கால் நொடிக்கு மேல் பழையதான அளவீட்டைத் தள்ளிவிட்டு, என்கோடர் (சக்கரச் சுழற்சியை அளப்பது), கைரோ (திரும்பும் கோணத்தை அளப்பது) கணக்கில் மட்டும் ஓடும்படி நிரலை எழுதுங்கள். ஈதர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு அதையும் சோதித்துப் பாருங்கள்.