மகள் செய்ததையெல்லாம் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்

அன்புள்ள மேடம்,

நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கணவருக்குச் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. ஒரே மகள், 10ஆம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகை வந்தால் நாங்கள் முகூர்த்த நேரம் பார்ப்பதற்குள் கத்தரிக்கோல் போட்டுவிடுவாள். குவில்லிங் காகிதத்தில் கம்மல், தேங்காய்ச் சிரட்டையில் விளக்கு, ஐஸ் குச்சியில் போட்டோ ஃபிரேம் என்று கட்டிலுக்கடியில் மூன்று அட்டைப்பெட்டி நிறைய வைத்திருந்தாள்.

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 41 வாங்கினாள். அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரி பத்தரை மணிக்குத் தீப்பெட்டிகளை ஒட்டி ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தாள். தொட்டிக்கட்டு வீடு. வாசலில் திண்ணை, அட்டையை மடித்து மடித்து ஓட்டுக்கூரை. ஜன்னலுக்குத் திரை போட என் அம்மாவின் சுங்குடிச் சேலைக் கரையை வெட்டியிருந்தாள். அம்மா போன ஆடியில்தான் தவறினார். அந்தச் சேலையைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மறுநாள் காலை அவள் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனதும் மூன்று பெட்டிகளையும் அந்த வீட்டையும் எடுத்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் வந்தவள் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள். அழவில்லை, கத்தவில்லை. மூன்று வாரமாக எதுவும் செய்வதில்லை. ரிவிஷன் டெஸ்டில் கணக்கு 63. "பார்த்தியா, இப்பத்தான் உருப்படுது. அட்டை வெட்டுறது சோறு போடுமா?" என்கிறார் கணவர். எனக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது. மனசு கேட்காமல் 2,000 ரூபாய்க்குக் கைவேலைச் சாமான் வாங்கி வந்தேன். பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறாள். இன்ஸ்டாகிராமில் பக்கம் ஆரம்பித்து விற்கச் சொல்லு, உற்சாகம் வந்துவிடும் என்கிறார் அண்ணி.

போன வாரம் பெட்ஷீட் மாற்றும்போது மெத்தைக்கடியில் ஒரு நோட்டு கிடைத்தது. ஒரு பக்கத்தில் செய்தித்தாளில் வெட்டி ஒட்டிய பெண் முகம். அதன் வாயைச் சிவப்பு நூலால், ஊசி போட்டே, தைத்திருக்கிறாள். பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. என் பிள்ளை ஏதாவது செய்துகொள்வாளா மேடம்?

பெயர் வெளியிட விரும்பாத அம்மா, ஈரோடு

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒரே ஒரு படத்தை வைத்து ஒரு பிள்ளையின் மனநிலையை யாராலும் கணிக்க முடியாது. இந்த வயதில் மண்டை ஓடும் கண்ணீரும் கிழிந்த இதயமும் வரையாத நோட்டு குறைவு. சொல்ல முடியாததைத் தாளிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் லேசாகிக்கொள்வதும் உண்டு. நீங்கள் கவனிக்க வேண்டியது நோட்டுக்கு வெளியே இருக்கிறது. சரியாகச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, தோழிகளோடு பேசுகிறாளா, கையில் காயம் ஏதும் இருக்கிறதா, "நான் இல்லாட்டி நல்லா இருக்கும்" என்கிற மாதிரி பேச்சு வருகிறதா என்று பாருங்கள். சாப்பாடு, தூக்கம், பழக்கவழக்கத்தில் மாற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காயமோ சாவைப் பற்றிய பேச்சோ இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். "உனக்கு வாழவே பிடிக்காம போகுதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டால்தான் பிள்ளை வாய் திறக்கும்.

என் மனதில் பட்டதையும் சொல்கிறேன். "சரிம்மா" என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்ட பெண், வாயைத் தைத்த முகத்தை ஒட்டி வைத்திருக்கிறாள். அவள் பேச்சே அதுதான். இன்னொன்று, "எதுவும் செய்வதில்லை" என்று நீங்கள் எழுதியிருந்தாலும் ஊசியும் நூலும் எடுத்து அதைத் தைத்திருக்கிறாள். கை நிற்கவில்லை. உங்களுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். நோட்டை எடுத்த இடத்திலேயே வையுங்கள். "பெட்ஷீட் மாத்தும்போது பார்த்துட்டேன், இனிமே தொட மாட்டேன்" என்று அவளிடம் சொல்லியும் விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தத் தீப்பெட்டி வீட்டைத்தான். தொட்டிக்கட்டு, திண்ணை, சுங்குடிக் கரை. அது அவளுடைய அம்மாயி வீடுதானே? பாட்டியை இழந்த பெண், பாட்டியின் வீட்டைக் கட்டி, பாட்டியின் சேலையையே ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறாள். உங்கள் கண்ணுக்கு அம்மாவின் சேலை வெட்டுப்பட்டதுதான் தெரிந்தது. அதிலும் தப்பில்லை, நீங்களும் இன்னும் அழுது முடிக்காத மகள்தான். ஒரே சாவுக்காக ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகத் துக்கப்பட்டிருக்கிறீர்கள். கணக்கில் 41 வந்ததற்கு அந்தத் துக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

அதனால் முதல் வேலை மன்னிப்புக் கேட்பது. அதில் "ஆனால்" வரக் கூடாது. "உன் நல்லதுக்குத்தான்", "நீயும் படிச்சிருக்கணும்" என்ற ஒட்டு எதுவும் வேண்டாம். "அது அம்மாயி வீடுன்னு எனக்கு அப்பத் தெரியல. உன்னைக் கேட்காம தூக்கிப் போட்டது தப்பு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவள் கோபப்பட்டால் படட்டும். வர வேண்டிய கோபம் அது, மூன்று வாரம் தாமதமாகிவிட்டது. நீங்கள் வாங்கிய சாமானை அவள் ஏன் பிரிக்கவில்லை என்றால், இந்த மன்னிப்பு வருவதற்குள் அது வந்துவிட்டது. போனதற்குப் பதில் பொருள் கொடுத்துக் கணக்கு முடிப்பதாக அவளுக்குப் பட்டிருக்கும்.

பதின்பருவத்தில் பிள்ளைகள் "நான் யார்" என்று தேடுவதை விரிவாக எழுதியவர் உளவியலாளர் எரிக் எரிக்சன். அவரே இளம் வயதில் படம் வரைந்துகொண்டு ஊர் ஊராகத் திரிந்தவர்தான். நம் பிள்ளைகள் அந்தத் தேடலைப் பேச்சில் நடத்துவது குறைவு. ஒருத்தி தலைமுடியில் நடத்துவாள், ஒருத்தன் கிரிக்கெட் மட்டையில். உங்கள் பெண் பசையிலும் அட்டையிலும் நடத்துகிறாள்.

அண்ணி சொன்ன யோசனை இப்போது வேண்டாம். 1973இல் அமெரிக்காவில் உளவியலாளர் மார்க் லெப்பர் குழுவினர் படம் வரையப் பிடித்த மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சிலரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சில நாள் கழித்து, அந்தக் குழந்தைகள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறையப் பாதிதான் இருந்தது. உங்கள் மகளுக்கு வயது கூடுதல், ஒரு நாள் அவளே விற்க ஆசைப்படலாம். அந்தப் பேச்சை அவளே எடுக்கட்டும். துக்கத்தில் கட்டிய வீட்டுக்கு லைக் எண்ணும் நிலைமையை நாம் கொண்டுவர வேண்டாம்.

பொதுத்தேர்வு கவலை நியாயமானதுதான். அதற்காகக் கைவேலையை நிறுத்தத் தேவையில்லை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. பெரியவர்கள் 39 பேர் 45 நிமிடம் களிமண், கொலாஜ் (படங்களை வெட்டி ஒட்டுவது) என்று எதையாவது செய்தார்கள். அவர்களில் சுமார் 75 சதவீதம் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் என்ற ஹார்மோன் குறைந்தது. முன் அனுபவம் இல்லாதவர்களுக்கும் அப்படித்தான். சின்ன ஆய்வு, பிள்ளைகளிடம் செய்ததும் இல்லை. ஆனாலும் படித்துக் களைத்த பிள்ளைக்குத் தினம் முக்கால் மணி நேரம் ஒதுக்கலாம் என்று நான் தைரியமாகச் சொல்வேன். எந்த நேரம் என்பதை அவள் முடிவு செய்யட்டும். 63 வந்ததற்குப் பெட்டிகள் போனதுதான் காரணம் என்று கணவர் இன்னொரு முறை சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் குப்பை வண்டிதான் ஞாபகம் வரும்.

சோறு போடுமா என்ற கேள்விக்கு: சென்னை எழும்பூரில் கலைக்கு அரசுக் கல்லூரி இருக்கிறது, 1850இல் தனியார் கலைப்பள்ளியாகத் தொடங்கியது அது. கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது. பிளஸ் டூ முடித்துச் சேரலாம். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்து சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கலைஞர்கள், பாடிக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்றுத்தான் ஓவியத்தையும் வயிற்றையும் காப்பாற்றிக்கொண்டார்கள். இதைக் கணவரிடம் சொல்லி வையுங்கள், போதும். மகளிடம் இப்போதே கல்லூரிப் பேச்சை எடுக்காதீர்கள்.

அந்தச் சுங்குடிச் சேலையில் மீதி இருக்கும் அல்லவா? பீரோவிலிருந்து எடுத்து ஒரு நாள் இரண்டு பேரும் மடியில் விரித்து உட்காருங்கள். அம்மா அதை எப்போது கட்டுவார், எந்தத் திருவிழாவுக்கு வாங்கினார் என்று அவளுக்குச் சொல்லுங்கள். வெட்டலாமா வேண்டாமா என்பதை அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம்.