ரெசார்ட்ல ரெண்டு நாள் ஃப்ரீயா கூப்பிடறாங்க, போகலாமா? - கடிதமும் பதிலும்

அக்கா வணக்கம்,

சேலத்துல குகைங்கற ஏரியாவுல இருக்கேன், வயசு 26, ஒரு ஜவுளிக் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். ரெண்டு வருஷமா இன்ஸ்டாகிராம்ல சாப்பாடு, கோயில், மலைன்னு எழுதிட்டு வர்றேன், ஒரு பத்திரிகைல ரெண்டு கட்டுரை வந்திருக்கு. இப்ப ஏற்காட்டுல ஒரு ரெசார்ட்லருந்து கூப்பிட்டாங்க. ரெண்டு நாள் தங்கறது, சாப்பாடு, கார் எல்லாம் ஃப்ரீ, அந்தப் பத்திரிகைல எங்களைப் பத்தி ஒரு கட்டுரை வரணும், நல்லதா மட்டும் எழுதணும், அனுப்பறதுக்கு முன்னாடி எங்ககிட்ட காட்டணும்ங்கறாங்க. காசு எதுவும் இல்ல. இதை ஒரு ஆரம்பமா எடுத்துக்கலாமா? வேலையை விட்டுட்டு ஃப்ரீலான்ஸா இதையே பண்ணணும்னு ஆசை. சென்னைக்குப் போனாத்தான் நடக்கும், சேலத்துல இருந்துட்டு பயணம், சாப்பாடு, கலைன்னு எழுத என்ன இருக்குன்னு ஃப்ரெண்ட்ஸ் கேக்கறாங்க. நீங்க சேலத்துல இருந்துதானே எழுதறீங்க, அதான் உங்ககிட்ட கேக்கறேன். பேர் போட வேண்டாம்க்கா.

---

தம்பிக்கு,

போகாதீங்க.

ஃப்ரீயா தங்கறதே தப்புன்னு சொல்ல வரல. டிராவல் எழுதறவங்க நிறைய பேர் ஓட்டல்காரங்க குடுக்கற ரூம்ல தங்கித்தான் எழுதறாங்க, அதை வாசகர்கிட்ட மறைக்காம சொல்லிடறாங்க, அவ்வளவுதான். இன்ஸ்டாகிராம்ல நீங்க போட்டாலும் சொல்லியாகணும், விளம்பரத் தரக் கவுன்சில் 2021லயே இதுக்கு விதிமுறை கொண்டு வந்துட்டாங்க, காசு வாங்கலைன்னாலும் ஃப்ரீயா கிடைச்ச ரூமும் அதுல சேரும். ஆனா உங்ககிட்ட கேக்கறது வேற. நல்லது மட்டும் எழுதணும், முன்னாடியே காட்டணும்னா அதுக்குப் பேர் விளம்பரம். விளம்பரம் எழுதறது ஒண்ணும் கேவலமான வேலை இல்ல, நானும் எழுதியிருக்கேன், அதுக்குன்னு ஒரு ரேட் இருக்கு, பேசி வாங்கிட்டு எழுதிக் குடுக்கலாம். அதையே கட்டுரைன்னு சொல்லி ஒரு எடிட்டர்கிட்ட குடுத்தீங்கன்னா, உங்களை நம்பி ரெண்டு தடவை இடம் குடுத்தவரை ஏமாத்தற மாதிரி ஆயிடும்.

எனக்கு இது எப்படித் தெரியும்னா நான் போயிருக்கேன். எழுத ஆரம்பிச்ச புதுசுல ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் பங்களாவுக்குக் கூப்பிட்டாங்க, கீழ ஜங்ஷன்லயே காரு வந்து நின்னுச்சு, மூணு நாள் நல்லா கவனிச்சாங்க, காலைல காபித் தோட்டத்துல ஒரு நடை, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சாயங்காலம் ஏரி, ராத்திரி வெளியில நெருப்பு மூட்டி சாப்பாடு. எழுதினேன். எல்லாரும் நல்லா இருக்குன்னாங்க. ஒரு வருஷம் கழிச்சு சேலத்துல ஒரு காலேஜ்ல பேசக் கூப்பிட்டிருந்தாங்க, பேசி முடிச்சதும் ஒரு பொண்ணு வந்து, அக்கா அந்த எஸ்டேட்லதான் எங்கம்மா காபிப் பழம் பறிக்கறாங்க, நீங்க எழுதினதைப் படிச்சேன், எங்க லைன் வீட்டுப் பக்கம் நீங்க வரவே இல்லையேன்னு கேட்டுச்சு. கோவமா எல்லாம் கேக்கல, சும்மாதான் கேட்டுச்சு. அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல. லைன் வீடுன்னா எஸ்டேட் தொழிலாளிங்க குடியிருக்கற வரிசை வீடு, பங்களாவுலருந்து கால் மணி நேர நடைதான், என்னைக் கூட்டிட்டுப் போனவங்க அந்தப் பக்கம் காரைத் திருப்பலை, நானும் எறங்கி நடக்கல. அந்தக் கேள்வி இன்னும் என்கூடயே இருக்கு.

அதுலருந்து நான் புரிஞ்சுக்கிட்டது, யார் வண்டில போறோமோ அவங்க காட்டறதைத்தான் பாப்போம், அவங்க கெளம்பும்போதுதான் கெளம்புவோம். கலை பத்தி எழுதறதுலயும் இதேதான். எடப்பாடி பக்கம் ஒரு ஊர்ல தெருக்கூத்து, பத்திரிகைக்காரங்க ஏழெட்டு பேரை ஒரு வேன்ல கூட்டிட்டுப் போனாங்க, கூத்துக் கோமாளி கட்டியங்காரன் வந்து சிரிக்க வெச்சு, ரெண்டு வேஷம் திரைக்குப் பின்னாடி நின்னு பாடி முடிச்சு வெளிய வர்றதுக்குள்ள 11 மணி, எல்லாரும் போட்டோ எடுத்தாச்சு, வேன் கெளம்பிருச்சு. கூத்து விடிய விடிய நடக்கறது, கதை உச்சத்துக்கு வர்றதே விடிகாலைலதான், முகவீணைக்காரர் ராத்திரி பூரா ஊதி ஓஞ்சுபோய் அதுக்கு மேலயும் ஊதுவார் பாருங்க, அந்தச் சத்தம் 11 மணிக்குக் கேட்டதே இல்ல. நான் அடுத்த வாரம் பஸ்ல வேற ஊருக்குத் தனியாப் போய் காலைல வேஷம் கலைக்கற வரைக்கும் உக்காந்திருந்தேன். அந்த அஞ்சு மணிக்கு மேல பாத்ததுதான் கட்டுரை ஆச்சு, முன்னாடி பாத்ததெல்லாம் முதல் பத்தியோட முடிஞ்சுபோச்சு.

இப்ப உங்க ஃப்ரெண்ட்ஸ் கேக்கறதுக்கு வர்றேன். சேலத்துல இருக்கறதுதான் உங்க பலம், ஏன்னா இங்க இருந்தா உங்க பஸ் காசை நீங்களே குடுத்துக்கலாம். ஏற்காடு 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, காலைல பஸ் ஏறினா ராத்திரி வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்துடலாம், ரூம் போட வேண்டியதே இல்ல. சென்னைலருந்து வர்ற ஒருத்தர் மே மாசம் மலர்க் கண்காட்சிக்கு ஒரு தடவை வருவார், நீங்க வருஷத்துக்குப் பத்து தடவை போகலாம். மார்ச், ஏப்ரல்ல ஒரு மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாள்ல காபிச் செடி பூரா வெள்ளையாப் பூக்கும், மல்லி வாசம் அடிக்கும், மூணு நாலு நாள்தான், முடிஞ்சுது. அதை முன்கூட்டியே தேதி குறிச்சு டிக்கெட் போட்டு வந்து பாக்க முடியாது, மேல இருக்கற ஒரு டீக்கடைக்காரர் உங்க நம்பரை வெச்சிருந்து, பூத்துருச்சு வாங்கன்னு சொன்னாத்தான் உண்டு. அந்த டீக்கடைக்காரர் பழக்கம் மூணாவது தடவை போகும்போது ஆரம்பிக்கும். மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழா, அந்தக் குகைக் கோயிலுக்கு சுத்துப்பட்டு மலைக் கிராமத்து ஜனங்க வர்றாங்க, மலையாளின்னு அவங்களுக்குப் பேர், கேரளாக்காரங்கன்னு நினைச்சுக்கிட்டு எழுதினவங்களைப் பாத்திருக்கேன், மலையில வாழறதால வந்த பேரு, அவங்க பேசறது தமிழ்தான்.

கீழயும் அப்படித்தான். நீங்க குகைங்கறீங்க, ஆடில வண்டி வேடிக்கை உங்க தெருவுலயே வரும், சின்னப் புள்ளைலருந்து பாத்திருப்பீங்க. சாமி வேஷம் போட்டு வண்டி மேல அசையாம நிக்கறாரே அவர் எத்தனை மணிக்கு மேக்கப்புக்கு உக்காந்தாரு, வண்டி ஜோடிக்கற செலவை யார் போடறாங்க, எறங்கினதும் மொதல்ல என்ன கேப்பாரு, தண்ணியா டீயா? தெரியாதுன்னா கேளுங்க, அங்கருந்துதான் கட்டுரை. தட்டுவடை செட்டு பத்தி ஊர்ல எழுதாத ஆளே இல்ல, ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, பச்சைச் சட்னின்னு எல்லாரும் எழுதிட்டாங்க. நான் ஒரே கடைக்கு அஞ்சு சாயங்காலம் போனேன், அஞ்சாவது நாள்தான் அந்தம்மா தட்டுவடை நான் சுடறதில்ல கண்ணு, அம்மாபேட்டைல ஒரு வீட்டுலருந்து வருதுன்னு சொன்னாங்க, அந்த வீட்டுக்குப் போனா மூணு பொண்ணுங்க மதியம் பூரா எண்ணெய்ச் சட்டி முன்னாடி. ஒரு செட்டு நொறுங்கற சத்தத்துக்குப் பின்னாடி அவங்க கை இருக்கு, அவங்களைப் பத்தி எங்கயும் ஒரு வரி வந்ததில்ல.

காசு. வேலையை விடாதீங்க, இப்ப கண்டிப்பா விடாதீங்க. அந்தச் சம்பளம்தான் உங்க பஸ் காசு, அது இருக்கறதாலதான் ரெசார்ட்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்ல முடியுது. எழுத்துல காசு லேட்டா வரும், சில சமயம் எட்டு மாசம் ஆகும். நீங்க அக்கவுண்ட்ஸ் ஆளு, இன்வாய்ஸ், 10 சதவீதம் டிடிஎஸ் வரிப் பிடித்தம் எல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. உத்யம்னு மத்திய அரசோட சிறு தொழில் பதிவு இருக்கு, அதுல பதிவு பண்ணி வெச்சுக்கோங்க, பதிவுக்குக் காசு கிடையாது, வேலை எடுக்கறதுக்கு முன்னாடியே பண்ணணும். சிறு தொழில் சட்டப்படி எழுதி ஒத்துக்கிட்டிருந்தாக்கூட உங்க பணத்தை 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாது, இழுத்தா வட்டி கேக்கலாம். இதை இன்வாய்ஸ்ல ஒரு வரியாப் போட்டதுலருந்து எனக்குக் கொஞ்சம் சீக்கிரமா வருது.

உரிமை விஷயத்துல நான் ஒரு தடவை அடிபட்டேன். ஒரு பத்திரிகை என் கூத்துக் கட்டுரையை ஒரு தொகுப்பு புஸ்தகத்துல போட்டுட்டாங்க, கேக்கவும் இல்ல, காசும் இல்ல, கேட்டதுக்கு எங்களுக்குக் குடுத்துட்டீங்களேன்னாங்க. குடுக்கல. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி சம்பளத்துக்கு இல்லாம வெளியில இருந்து எழுதற கட்டுரை எழுதினவருக்குத்தான் சொந்தம், கையெழுத்துப் போட்டு எழுத்து மூலமாக் குடுத்தாத்தான் கை மாறும், அதுலயும் எத்தனை வருஷம்னு போடலைன்னா 5 வருஷம்தான், எந்தெந்த நாட்டுக்குன்னு போடலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். அதனால ஃபார்ம் அனுப்பினா படிங்க, எல்லா உரிமையும் எங்களுக்குன்னு இருந்தா ஒரு தடவை போட மட்டும்னு மாத்திக் கேளுங்க, கேட்டா நிறைய எடிட்டருங்க ஒத்துக்கறாங்க. ஒரு பயணத்துல மூணு கட்டுரை வரணும் தம்பி, ஒண்ணு சாப்பாட்டுப் பக்கத்துக்கு, ஒண்ணு பயணப் பக்கத்துக்கு, இன்னொண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு புஸ்தகத்துக்கு, உரிமை உங்க கைல இருந்தாத்தான் அந்தக் கணக்கு நிக்கும்.

எடிட்டருக்கு எழுதும்போது ஏற்காடு பத்தி எழுதட்டுமான்னு கேக்காதீங்க. டிசம்பர்ல எஸ்டேட்ல பழுத்ததை மட்டும் பாத்துப் பறிக்கறாங்க, அதனால ஒரே செடிக்கு மூணு நாலு தடவை திரும்பி வர்றாங்க, அப்படிப் பறிக்கற ஒருத்தரோட ஒரு நாள், இத்தனை வார்த்தை, இந்தத் தேதிக்குள்ளன்னு கேளுங்க. சென்னைலருந்து எழுதறவங்க அவங்களுக்கு நிறைய பேர் இருக்காங்க, காலைல ஆறு மணிக்கு மலை மேல நிக்கற ஆளுதான் கிடைக்கறதில்ல.

ரெசார்ட்டுக்கு இன்னைக்கே மெயில் போட்டு வர முடியலைன்னு சொல்லிடுங்க, காக்க வைக்காதீங்க. பழம் பறிப்பு ஜனவரி வரைக்கும் இருக்கும். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, அன்னைக்குப் பறிக்க மாட்டாங்க, வார நாள்ல ஒரு நாள் லீவு போட்டுட்டு முதல் பஸ்ஸுக்குப் போங்க, குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. எழுதினதும் எனக்கு அனுப்புங்க, உக்காந்து படிக்கறேன்.

அக்கா