கேளுங்க தம்பிகளா: குவேக் ஆடுறவனும் குவேக்கை பிரிச்சு மேயுறவனும்

போன இதழ்ல பழைய ஷூட்டர் கேமுங்க பத்தி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், மெயில் பெட்டி ரொம்பி வழியுது. பாதி பேர் போட்டி ஆடுற ஸ்கோர்போர்டு கட்சி, மீதி பேர் கேமையே மாத்திக் கட்டுற மேப் எடிட்டர் கட்சி, ஒருத்தரை ஒருத்தர் திட்டினதெல்லாம் எடுத்துட்டு மிச்சம் இருந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

என் தம்பி குவேக் 3-ல ஒருத்தனுக்கு ஒருத்தன் டூயல் ஆடுவான். அவன் ஃப்ரெண்ட் அதே கேமுக்கு மேப், அதாவது சண்டை நடக்குற களம், போடுறவன். மாசக்கணக்கா உக்காந்து வெளிச்சம், நிழல், துருப்பிடிச்ச சுவருன்னு பார்த்து பார்த்து ஒரு மேப் செஞ்சு கொடுத்தான். தம்பி அதை ஓப்பன் பண்ணி எல்லாத்தையும் மொழுக்குனு ஆக்கிட்டுத்தான் ஆடுறான். இப்ப ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. ஏன் இப்படி? — வாசகி, மதுரை

தம்பி கேமுக்குள்ள கட்டளை அடிக்கிற கன்சோலைத் திறந்து பிக்மிப் 5-னு அடிச்சிருப்பான். அப்படி அடிச்சா சுவத்துல இருக்கிற கல்லு, துரு, எழுத்து எல்லாம் கரைஞ்சு ஒரே கலர் பூச்சா ஆயிடும். வெர்டெக்ஸ் லைட்டுனு இன்னொண்ணு இருக்கு, அதையும் போட்டிருந்தா அந்த ஃப்ரெண்ட் ராத்திரி முழிச்சு வச்ச நிழலெல்லாம் காலி. அதோட விட்டானா, எதிரி எந்த வேஷத்துல வந்தாலும் பளிச்சுனு பச்சைக் கலர்ல ஒரே உருவமாத் தெரியுற மாதிரி ஃபோர்ஸ் மாடல் வேற வச்சிருப்பான். பார்க்க கண்றாவியா இருக்கும், ஒத்துக்கிறேன்.

ஆனா அவன் மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு பாருங்க. குவேக் 3-ல சிவப்பு ஆர்மரை (கவசம்) ஒருத்தன் எடுத்தா சரியா 25 செகண்ட் கழிச்சு திரும்ப வரும், மெகா ஹெல்த் 35 செகண்ட். நல்ல டூயல் பிளேயர் இந்த ரெண்டு கடிகாரத்தையும் மனசுல ஓட்டிக்கிட்டே, எதிரி எந்தப் பக்கம் குதிச்சான், எந்த ஆயுதத்தை எடுத்தான்னு சத்தத்தை வச்சே கணக்குப் போட்டுக்கிட்டே, அடுத்த ஆர்மர் வர்றதுக்கு ரெண்டு செகண்ட் முன்னாடி அங்க போய் நிக்கணும். இதுக்கு நடுவுல சுவத்துல என்ன சிற்பம் இருக்குன்னு பார்க்க அவனுக்கு நேரமும் இல்ல, அது இருந்தா எதிரி அதுல மறைஞ்சுக்குவான்னு பயமும் உண்டு. மேப் போட்டவனுக்கு வலிக்கும்தான். ஆனா ஒண்ணு, துணியெல்லாம் உருவிப் போட்டு வெறும் எலும்பா நின்ன பிறகும் தம்பி அந்த மேப்பை தினமும் ஆடுறான்னா, ஆர்மர் எங்க, கதவு எங்க, படி எவ்ளோ உயரம்னு அந்தப் பையன் யோசிச்சது சரியா இருக்குன்னு அர்த்தம். டூயல் ஆளுங்க வாயால பாராட்ட மாட்டாங்க, திரும்பத் திரும்ப ஆடுவாங்க, அவ்ளோதான். இதை ஃப்ரெண்ட்கிட்ட சொல்லுங்க, தம்பிகிட்ட சொல்லாதீங்க, அவனுக்கு ஏற்கனவே தலைக்கனம் இருக்கும்.

மல்ட்டிபிளேயர்தான் ஒரிஜினல், மாட் எல்லாம் பின்னாடி ஒட்டினதுன்னு எங்க ரூம்ல ஒருத்தன் சத்தியம் பண்றான். உண்மையா? — வாசகர், கோயம்புத்தூர்

அவன் ஆடுறது கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கா இருந்தா முதல்ல அவனை உக்காரச் சொல்லுங்க. கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கே ஒரு மாட், அதாவது வேறொரு கேமை ரசிகர்கள் மாத்திச் செஞ்சது. 1998-ல வந்த ஹாஃப் லைஃப் மேல மின் லீ, ஜெஸ் கிளிஃப்னு ரெண்டு பேர் சேர்ந்து செஞ்சு 1999-ல பீட்டாவா விட்டாங்க, அப்புறம்தான் வால்வ் கம்பெனி வாங்கி 2000-ல கடைக்கு கொண்டு வந்துச்சு. நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்ல மணிக்கு இவ்ளோன்னு காசு கொடுத்து வரிசையா உக்காந்து கத்திக்கிட்டு ஆடின அந்த 1.6 இருக்கே, அதோட பூர்வீகம் இதுதான். டஸ்ட் மேப்பும் கம்பெனிக்குள்ள செஞ்சது கிடையாது, டேவ் ஜான்ஸ்டன்னு ஒரு பொழுதுபோக்கு மேப்பர் இங்கிலாந்துல உக்காந்து போட்டது, அதுவும் அப்ப வெளிவராம இருந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2-வோட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ஆசைப்பட்டு. 2001-ல டஸ்ட் 2 போட்டதும் அவர்தான். அந்த டீம் ஃபோர்ட்ரஸ் மட்டும் என்ன, 1996-ல ஆஸ்திரேலியா பசங்க மூணு பேர் குவேக்குக்குப் போட்ட மாட்.

குவேக்குக்கு முன்னாடி வந்த டூம் பக்கம் போனாலும் இதே கதைதான், ஒண்டிக்கு ஒண்டி ஆடுறவங்க வருஷக்கணக்கா உருண்டு புரண்ட ட்வாங்கோ 5 முதல் மேப் கேமைச் செஞ்ச ஐடி சாஃப்ட்வேர் கொடுத்தது கிடையாது, ரசிகர்கள் போட்ட வாட் ஃபைல்தான் (டூம் மேப்பெல்லாம் அந்த ஃபைல்லதான் வரும்). குவேக்ல பிளட்ரன், ஏரோவாக்னு ரெண்டு மேப்பும் அப்படியே. காசு வச்சு ஆடுற மேடையில பாதி, மாடிங் பண்றவன் சும்மா கட்டிக் கொடுத்தது. இது தெரியாம மாடர்னா ஏதோ துப்பாக்கிக்கு கலர் அடிக்கிறவன்னு பேசுறவங்களைப் பார்த்தா எனக்கு கோவம் வரும்.

அப்ப மாடர் பக்கம்தான் நியாயமா? பழைய கேம்ல இருக்கிற பக்கை சரி பண்ணினாகூட போட்டி ஆடுறவங்க குதிக்கிறாங்களே, பக் இருக்கிறது நல்லதா? — வாசகர், திருச்சி

இங்கதான் நான் கட்சி மாறுவேன்.

ஸ்ட்ரேஃப் ஜம்ப் தெரியும்ல, குதிச்சுக்கிட்டே மவுஸை சாய்ச்சு சாய்ச்சு திருப்பினா ஓடுறதைவிட வேகமாப் போகலாம். அது ஒரு கணக்குப் பிழை, யாரும் யோசிச்சு வச்சது கிடையாது. 1999-ல குவேக் 3 செய்யும்போது அதோட முக்கிய புரோகிராமர் ஜான் கார்மாக்குக்கு அது பிடிக்கல, பயிற்சி எடுத்தவங்க இருக்காங்கங்கிறதுக்காக பக்கை விட்டு வைக்க முடியாதுன்னு நினைச்சு எடுத்துப் பார்த்தார், ஆனா எடுத்தா சாதாரண ஓட்டமே ஒரு மாதிரி கெட்டுப் போச்சுன்னு அப்படியே விட்டுட்டார். விட்டது நல்லதாப் போச்சு, அது இல்லாத குவேக்கை யாரும் 25 வருஷம் ஆடியிருக்க மாட்டாங்க. அதே கேம்ல இன்னொரு கூத்து, செகண்டுக்கு 125 ஃபிரேம்ல ஓட்டினா முழு எண்ணா ரவுண்டு பண்றதுல கொஞ்சம் கூட உயரமா குதிக்கலாம், அதனால இன்னிக்கும் எல்லாரும் 125-லதான் பூட்டி வச்சிருப்பாங்க.

டூம் கதை இன்னும் சுவாரசியம். டூம்ல ஆடினதை டெமோவா ரெக்கார்டு பண்ணினா அது வீடியோ கிடையாது. செகண்டுக்கு 35 தடவை நீங்க முன்ன போனீங்களா, பக்கத்துல நகர்ந்தீங்களா, எவ்ளோ திரும்பினீங்க, என்ன பட்டன் அமுக்கினீங்கன்னு நாலு பைட் எழுதி வைக்கும். திரும்ப ஓட்டும்போது அந்த பட்டனை எல்லாம் கேமே மறுபடி அமுக்கும், அவ்ளோதான். அதிர்ஷ்டத்துக்குக்கூட 256 நம்பர் கொண்ட ஒரே பட்டியல்தான், வரிசையா எடுக்கும். அதனால எல்லாம் அச்சு அசலா திரும்ப நடக்கும். இப்ப ஒரு நல்ல மனசுக்காரர் வந்து, ஒரிஜினல் டூம்ல ராட்சசங்க வானம் வரைக்கும் உயரமா கணக்காகுது, மேடையில இருந்து கீழ விழுந்தா அங்க நிக்கிறவன் மேல முட்டி அந்தரத்துல நிக்கிறோம், இதை சரி பண்ணிடுவோம்னு மாத்துறார்னு வைங்க. நியாயமான திருத்தம்தான். ஆனா பழைய டெமோவுல ஒரே ஒரு இடத்துல முட்ட வேண்டியவன் முட்டாம போனான்னா அதுக்கு அப்புறம் எல்லாமே தப்பும், ஆளு சுவத்தைப் பார்த்து சுட்டுக்கிட்டே செத்துப் போவான். இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் போட்ட ரெக்கார்டு அதோட போச்சு. அப்ப கேமை வேகமா முடிச்சு ரெக்கார்டு போடுற ஸ்பீட்ரன் ஆளுங்க கத்தாம என்ன பண்ணுவாங்க? குதிக்கிற பட்டனும் இப்படித்தான், 1994-ல மேப் போட்டவன் டூம்ல குதிக்கவே முடியாதுன்னு நம்பி ஒரு சின்ன தடுப்பு வச்சிருப்பான், நீங்க ஜம்ப் சேர்த்துட்டா சாவி தேடாமலே தாண்டிப் போயிடலாம்.

சோர்ஸ் கோடை வெளிய விட்டதாலதான் சீட்டிங் வந்துச்சுன்னு சொல்றாங்களே? — வாசகர், திருநெல்வேலி

சீட்டிங் அதுக்கு முன்னாடியும் இருந்துச்சு, ஆனா அடி பலமா விழுந்தது அப்பதான். 1999 டிசம்பர்ல கார்மாக் குவேக் சோர்ஸை, யாரும் எடுத்து மாத்திக்கலாம்ங்கிற ஜிபிஎல் லைசென்ஸ்ல விட்டார். மாடர்களுக்கு தீபாவளி. இன்டர்நெட்ல ஆடுறதுக்குன்னு வந்த குவேக்வேர்ல்டு ஆடிக்கிட்டு இருந்தவங்களுக்கு தலைவலி, ஏன்னா தானா குறி பார்க்கிற கிளையன்ட்டை (ஆடுறவன் கம்ப்யூட்டர்ல ஓடுற புரோகிராம்) இனி யார் வேணும்னாலும் கம்பைல் பண்ணிக்கலாம். அந்த கேம் எதிர்ல இருக்கிற கிளையன்ட்டை நம்பி எழுதினது, வேகமா ஓடணும்னு நிறைய விஷயத்தை உங்க கம்ப்யூட்டருக்கே அனுப்பிடும், சுவத்துக்குப் பின்னாடி நிக்கிறவன் விவரமும் அதுல வந்துடும். கோடு மூடி இருந்த வரைக்கும் அது தெரியல. கடைசியில போட்டி ஆளுங்க பயன்படுத்தின சில கிளையன்ட்டுகள்ல எல்லா கோடும் திறந்திருக்கும், ஆனா இது அசல்தான்னு சர்வருக்கு நிரூபிக்கிற துண்டு மட்டும் மூடியே இருக்கும். மாடர்ங்க இதைப் பார்த்து இதென்ன ஓப்பன் சோர்ஸ்னு கேட்டாங்க, கேள்வி சரிதான், ஆனா போட்டி ஆளுங்ககிட்டயும் வேற வழி இல்ல. ஒண்ணு மட்டும் சொல்றேன், அன்னிக்கு அந்தக் கோடு வெளிய வரலைன்னா இன்னிக்கு புது விண்டோஸ்ல, லினக்ஸ்ல குவேக்வேர்ல்டு ஆட ஈஸிகுவேக் இருந்திருக்காது.

நீங்க எந்த மெஷின்ல ஆடுறீங்க, ஸ்பெக் சொல்லுங்க அண்ணே. — வாசகர், சேலம்

வெளிய சொன்னா கேலி பண்ணுவீங்க. அடுத்த கேள்வி.

ரெண்டு கோஷ்டியும் சேர்ந்து எதுவுமே செஞ்சதில்லையா? — வாசகி, புதுச்சேரி

செஞ்சாங்க, புரோமோட். குவேக் 3 வந்தப்ப பழைய குவேக்வேர்ல்டு ஆளுங்களுக்கு அது மந்தமாத் தெரிஞ்சுது, காத்துல இருக்கும்போது திரும்ப முடியல, ஆயுதம் மாத்த நேரமாகுதுன்னு புலம்பினாங்க. புலம்பினதோட நிக்காம போட்டி ஆளுங்களும் கோடு எழுதுறவங்களும் உக்காந்து சிபிஎம்ஏ-ன்னு ஒரு மாட் செஞ்சாங்க, அதோட ஆட்ட முறைதான் புரோமோட், காத்துல வளைஞ்சு போற வித்தை திரும்ப வந்துச்சு, டபுள் ஜம்ப் வந்துச்சு, ஆயுதம் டக்குனு மாறுச்சு. ஆடிப் பார்த்தவங்க இதுதான்டா குவேக்னாங்க.

அப்புறம் என்ன ஆச்சு? போட்டி ஆடுறவங்களே ரெண்டா உடைஞ்சாங்க. கம்பெனி கொடுத்த வேகம்தான் சுத்தம்னு ஒரு கோஷ்டி, புரோமோட்தான் திறமைன்னு ஒரு கோஷ்டி. பெரிய டோர்னமென்ட்டுங்க பெரும்பாலும் ஒரிஜினல் ஃபிசிக்ஸ் பக்கமே நின்னுடுச்சு, ஆனா அந்த ஒரிஜினலையும் வெறும் கேமா ஆடல, ஓஎஸ்பி-ன்னு இன்னொரு மாட் மேலதான் ஆடினாங்க, ரெடி பட்டன், டைம் அவுட், தானா டெமோ ரெக்கார்டு ஆகுறது எல்லாம் அதுல இருந்துதான் வந்துச்சு. மாட் வேணாம்னு சொன்னவன் உக்காந்திருந்ததும் மாட் மேலதான். எனக்கு இதுல ஒரு அல்ப சந்தோஷம்.

புதுசா வர்றவன் எங்க ஆரம்பிக்கலாம்? எனக்கு டெமோவும் பார்க்கணும், ரசிகர் போட்ட புது மேப்பும் ஆடணும். — வாசகர், தஞ்சாவூர்

டூம்ல ஆரம்பிங்க. டிஎஸ்டிஏ டூம்னு ஒரு போர்ட், அதாவது டூமை இன்னிக்கு மெஷின்ல ஓட்டுற புரோகிராம், இருக்கு, ஸ்பீட்ரன் ஆளுங்களோடது. அதுல கம்ப்லெவல்னு ஒரு நம்பர் கொடுக்கலாம். 2-னு கொடுத்தா டூம் 2 அந்தக் காலத்துல எப்படி நடந்துக்கிச்சோ அதே பிழையோட, அந்தரத்துல முட்டுறது உட்பட, அப்படியே நடக்கும். 9-னு கொடுத்தா 1998-ல டீம்டிஎன்டி விட்ட பூம் போர்ட்டோட வசதிகள் கிடைக்கும், 21-னு கொடுத்தா எம்பிஎஃப் 21-ங்கிற புது தரம், இப்ப வர்ற பெரிய பெரிய மேப்புங்க நிறைய அதுக்குத்தான் எழுதுறாங்க. ஒரே எக்ஸி ஃபைல், பழசைத் தொட வேணாங்கிறவனுக்கு ஒரு நம்பர், புதுசு வேணுங்கிறவனுக்கு ஒரு நம்பர். சண்டையை நம்பர் போட்டு முடிச்சு வச்ச ஆளுங்க இவங்கதான்னு நினைக்கிறேன், குவேக் பக்கம் இவ்ளோ சுளுவா யாரும் முடிக்கல. ரத்தம் தெறிக்கிற புரூட்டல் டூம் மாதிரி மாட் வேணும்னா அதுக்கு ஜிஇசட் டூம் (GZDoom) தனியா போட்டுக்கோங்க, அது வேற உலகம், அங்க டெமோ பத்தி யாரும் கவலைப்பட மாட்டாங்க. மேப் கூட வர்ற டெக்ஸ்ட் ஃபைலை மட்டும் முதல்ல படிச்சுடுங்க, எந்த நம்பர்னு அதுலயே எழுதியிருப்பாங்க, அதைப் படிக்காம கதவு திறக்கலன்னு எனக்கு மெயில் போடாதீங்க.